வேதாகமத்துக்கு வெளியே உள்ள பழைய நூல்கள்: படிக்கலாமா, கூடாதா?

வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கேள்விகள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால் அவற்றைச் சேர்த்துத் தருகிறோம். நம் வாசகர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையாரும் இருக்கிறார்கள். அதனால் நூல்களின் பெயர்களையும் வசனங்களையும் கேட்டவர் வழக்கப்படியே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் 'மறைக்கப்பட்ட ஏனோக்கின் புத்தகம்' என்று ஒரு பி.டி.எஃப். வந்தது. யூதா நிருபமே அதிலிருந்து வசனம் எடுத்திருக்கிறது. பிறகு ஏன் அது வேதாகமத்தில் இல்லை? எங்கள் பாஸ்டர் "தொடவே கூடாது" என்கிறார். படித்தால் பாவமா? (வாசகர், பெரம்பூர்)

பாவம் இல்லை. ஆனால் எதைக் கையில் எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

முதலில் 'மறைக்கப்பட்ட' என்ற பேச்சை விடுங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இந்த நூலைத் தன் வேதாகமத்தில் வைத்து இன்றுவரை வாசித்து வருகிறது. முழு நூலும் பிழைத்திருப்பது அவர்களுடைய கீஸ் மொழியில் மட்டும்தான். 1773-ல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சானது. பிறகு சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் அதன் அரமேயிக் துண்டுகளும் கிடைத்தன. யாரும் ஒளித்து வைக்கவில்லை. நம் பக்கத்துச் சபைகள் அதை வாசித்ததில்லை, அவ்வளவுதான்.

யூதா 14, 15 வசனங்களில் "ஆயிரமாயிரமான தமது பரிசுத்தவான்களோடுங்கூடக் கர்த்தர் வருகிறார்" என்று வருவது ஏனோக்கு 1:9-ஐ ஏறக்குறைய அப்படியே ஒத்திருக்கிறது. மேற்கோள் காட்டியதாலேயே ஒரு நூல் வேதமாகிவிடாது. பவுல் அப்போஸ்தலர் 17:28-ல் கிரேக்கக் கவிஞரின் வரியைச் சொல்கிறார். தீத்து 1:12-ல் "கிரேத்தாதீவார் ஓயாப்பொய்யர்" என்ற பழைய வாக்கை எடுக்கிறார். அதற்காக அந்தக் கவிஞர்களை நாம் தீர்க்கதரிசிகள் வரிசையில் வைப்பதில்லை. ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யூதா "முன்னறிவித்தான்" என்கிறார். பவுல் கவிஞரைச் சொன்னதைவிட இது கனமான வார்த்தை. அதை வைத்தே 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் இந்த நூலுக்காக வாதாடினார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஆயர் அகஸ்டின் அதை ஏற்க மறுத்தார். ஏனோக்கின் பெயரில் சுற்றுவதை உண்மையிலேயே அவர் எழுதினாரா என்று உறுதிசெய்ய வழியில்லை என்பது அவர் காரணம். ஆதிச்சபை இதை வெளிப்படையாக விவாதித்தே முடிவெடுத்தது.

நூலில் மொத்தம் 108 அதிகாரங்கள், ஐந்து பகுதிகள். ஒரே கை எழுதியதல்ல. மிகப் பழைய பகுதிகள் ஏறக்குறைய கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே ஆதியாகமத்து ஏனோக்கு எழுதியிருக்க முடியாது. 1 முதல் 36 வரை 'காவலர்கள்' பகுதி: 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கிப் பெண்களை மணக்கிறார்கள், அசாசேல் மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுத்தருகிறான், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுத்தருகிறான். 37 முதல் 71 வரை 'உவமைகள்'. மகிமையின் சிங்காசனத்தில் உட்காரும் மனுஷகுமாரன் இங்கேதான் வருகிறார். இந்தப் பகுதி மட்டும் கும்ரான் துண்டுகளில் கிடைக்கவில்லை. 72 முதல் 82 வரை வானசாஸ்திரம். அங்கே ஆண்டுக்கு 364 நாள். 'இதுதான் தேவன் தந்த காலண்டர்' என்று சிலர் யூடியூபில் பிரசங்கிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றேகால் நாள் குறையும் காலண்டரை அப்படியே பின்பற்றினால் முப்பதே ஆண்டுகளில் பருவங்கள் ஒரு மாதத்துக்கு மேல் விலகிப்போகும்.

படித்தால் என்ன பயன்? ஆதியாகமம் 6:1-4, 2 பேதுரு 2:4, யூதா 6 ஆகிய வசனங்களை முதல் நூற்றாண்டு யூதர்கள் எந்தக் கதையை மனத்தில் வைத்துக் கேட்டார்கள் என்பது தெளிவாகும். மத்தேயு 25:31-ஐ 'உவமைகள்' பகுதிக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால், இயேசு தம்மை 'மனுஷகுமாரன்' என்று சொன்னபோது கேட்டவர்கள் ஏன் அதிர்ந்தார்கள் என்று விளங்கும்.

எங்கே தவறு நடக்கிறது என்றால், தூதர்களின் பெயர்ப் பட்டியலில். அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு பிசாசு துரத்தும் ஜெபத்தில் கூப்பிடுவது, தூதர்களை நோக்கி வேண்டுவது என்று சில குழுக்கள் வழுக்கி விழுகின்றன. கொலோசெயர் 2:18 எச்சரிப்பது இதைத்தான். உங்கள் பாஸ்டரின் கவலைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவரிடமே கேளுங்கள், முடிந்தால் 1 முதல் 36 வரை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கையில் இருப்பது 'முதலாம் ஏனோக்கு'தானா என்றும் பாருங்கள். இரண்டாம் ஏனோக்கு ஸ்லாவிய மொழியில் வந்தது, மூன்றாம் ஏனோக்கு எபிரேயத்தில், மிகவும் பிந்தியது. சுற்றுக்கு வரும் பி.டி.எஃப்.களில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். திருமணமாகி சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் திருவிவிலியத்தில் தோபித்து, மக்கபேயர் எல்லாம் இருப்பதைப் பார்த்த அத்தை, "இதெல்லாம் தள்ளுபடி ஆகமம், வீட்டில் வைக்காதே" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது? (வாசகி, மயிலாப்பூர்)

சகோதரி, அத்தையிடம் வாதாட வேண்டாம். அவருடைய சொந்தச் சபையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் நூல்கள் ஏழு: தோபித்து, யூதித்து, 1 மக்கபேயர், 2 மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு. இவற்றோடு எஸ்தர், தானியேல் நூல்களில் கூடுதல் பகுதிகளும் உண்டு. கத்தோலிக்கர் இவற்றை இணைத் திருமுறை நூல்கள் என்கிறார்கள். 1546-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இவையும் திருமுறையே, அதாவது வேதமாக ஏற்க வேண்டியவையே, என்று அறுதியிட்டது. அத்தையின் வேதாகமத்தில் உள்ள 66 நூல்களுக்கும் உங்களுடையதில் உள்ள 73-க்கும் வித்தியாசம் இந்த ஏழுதான்.

சீர்திருத்த சபைகளின் நிலை 'தொடாதே' என்பதல்ல. மார்ட்டின் லுத்தர் 1534-ல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இந்த நூல்களை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்து, பரிசுத்த வேதத்துக்கு இணையல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிட்டார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 6-ஆவது விதியும் அதையே சொல்கிறது: நல்நடத்தைக்கு வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவப் பயன்படுத்தக் கூடாது. 1947 செப்டம்பர் 27 அன்று நம் கதீட்ரல் சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் இணைந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. 1611-ல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமத்திலும் இவை இருந்தன.

பிறகு எப்படிக் காணாமல் போயின? 1826-ல் பிரிட்டிஷ் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் இந்த நூல்கள் சேர்ந்த வேதாகமங்களுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. சங்கத்தின் வேதாகமமே வீட்டுக்கு வீடு போனதால், நாளடைவில் 'இல்லாதது' என்பது 'கூடாதது' ஆகிவிட்டது.

அத்தையோடு சேர்ந்து ஒன்று செய்து பாருங்கள். அவருடைய வேதாகமத்தில் யோவான் 10:22-ஐத் திறக்கச் சொல்லுங்கள்: "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது." இந்தப் பண்டிகை எது, எப்போது தொடங்கியது? பழைய ஏற்பாட்டு 39 நூல்களில் எங்கும் இல்லை. 1 மக்கபேயர் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கு தீட்டுப்படுத்திய பலிபீடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி, கி.மு. 164-ல் யூதர்களின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் மறுபடி அர்ப்பணித்த வரலாறு அது. இயேசு அந்தப் பண்டிகைக்கு தேவாலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்திலே உலாவினார். அடுத்து எபிரெயர் 11:35-ல் "மேன்மையான உயிர்த்தெழுதலை அடையும்படிக்கு" விடுதலைபெறச் சம்மதியாதவர்கள் யார்? 2 மக்கபேயர் 7-ல் வரும் தாயும் ஏழு பிள்ளைகளும் என்றே விரிவுரையாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

கருத்து வேறுபாடு எங்கே வெடிக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2 மக்கபேயர் 12:43-45-ல் யூதா மக்கபே போரில் இறந்தவர்களின் பாவத்துக்காகப் பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி அனுப்புகிறார். இறந்தோருக்காக ஜெபிக்கலாமா என்ற விவாதம் இதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையில் தீர்க்க முடியாது. ஆனால் சீராக் 38-ஐ இருவரும் சேர்ந்து வாசிக்கலாம்: மருத்துவரை மதிக்க வேண்டும், ஆண்டவரே மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தார், அறிவுள்ளவர் அதைப் புறக்கணிக்க மாட்டார் என்கிறது. ஜெபம் மட்டும் போதும் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடும் உறவினர்கள் இருக்கும் வீடுகளில் இந்த அதிகாரம் உயிர் காக்கும்.

குறையையும் மறைக்க வேண்டாம். யூதித்து 1:1 நெபுகத்நேசரை நினிவேயில் ஆண்ட அசீரிய அரசன் என்கிறது; அவர் பாபிலோன் அரசர். அது வரலாற்றுக் குறிப்பு அல்ல, கதை என்று கத்தோலிக்க அறிஞர்களே விளக்குகிறார்கள்.

கேள்வி: கி.பி. 325-ல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் வாக்கெடுப்பு நடத்தி 4 சுவிசேஷங்களை வைத்துக்கொண்டு மற்றதை எரித்துவிட்டார் என்கிறார்களே? (வாசகர், வியாசர்பாடி)

தவறு. ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், இயேசு படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனை, பாஸ்கா பண்டிகையின் தேதி போன்றவற்றைப் பேசியது. 20 சட்டங்கள் இயற்றியது. அவற்றில் வேதாகம நூல்களின் பட்டியலே இல்லை. நான்கு சுவிசேஷங்கள்தான் என்பதை அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறைய கி.பி. 180-ல், ஆயர் இரேனியு வாதாடி எழுதிவிட்டார்.

நம்மிடம் இருக்கும் 27 நூல்களின் பட்டியல் அப்படியே முதன்முதலில் கிடைப்பது கி.பி. 367-ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய பண்டிகைக் கடிதத்தில். அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேத நூல்கள் ஒருபுறம், தள்ள வேண்டிய போலிகள் ஒருபுறம். இரண்டுக்கும் நடுவே, சபையில் புதிதாகச் சேர்வோர் வாசிக்க வேண்டியவை என்று மூன்றாவதாக ஒரு வகையையும் அவர் வைக்கிறார். சாலமோனின் ஞானம், சீராக், எஸ்தர், யூதித்து, தோபித்து, இவற்றோடு ஆதிச்சபை நூல்களான அப்போஸ்தலரின் போதனை (கடைசிக் கேள்வியில் பார்ப்போம்), எர்மாவின் மேய்ப்பன் ஆகியவை அதில் வருகின்றன. இன்று 'வேதம்', 'விஷம்' என்று இரண்டே வகை நம்மிடம் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். அந்த நடு வகையை நாம் மீட்டெடுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: பரங்கிமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 'தோமாவின் நடபடிகள்' என்ற பழைய நூலில் நம் சென்னையைப் பற்றி இருக்கிறதாமே? அதை நம்பலாமா? (வாசகர், ஆலந்தூர்)

சென்னையின் பெயரோ மயிலாப்பூரின் பெயரோ அதில் இல்லை. ஆனாலும் சென்னைக் கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டிய நூல் அது.

3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா நகரை ஒட்டிய சிரியாக் மொழிப் பகுதியில் எழுதப்பட்டது. அப்போஸ்தலர்கள் சீட்டுப்போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்ளும்போது இந்தியா தோமாவுக்கு விழுகிறது. "நான் போக மாட்டேன்" என்கிறார். உடனே இயேசு, ஹப்பான் என்ற வணிகனுக்கு அவரை அடிமையாக விற்று, விற்பனைச் சீட்டும் எழுதிக் கொடுக்கிறார். கொண்டோபாரஸ் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குச் செலவழித்துவிடுகிறார். அரசன் கோபத்தில் சிறையில் தள்ள, இறந்துபோன அரசனின் தம்பி பரலோகத்தில் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வருகிறான். கடைசியில் மஸ்தாய் என்ற வேறோர் அரசனின் ஆணைப்படி, நகருக்கு வெளியே ஒரு மலையில் நான்கு வீரர்கள் தோமாவை ஈட்டியால் குத்துகிறார்கள்.

இதில் எது வரலாறு? கொண்டோபாரஸ் கற்பனை இல்லை. இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட பார்த்திய வம்ச அரசர் அவர். 19-ஆம் நூற்றாண்டில் அவருடைய நாணயங்கள் கிடைக்கும்வரை அந்தப் பெயரை இந்த நூல் வழியாகத்தான் உலகம் அறிந்திருந்தது. பிறகு தக்த்-இ-பாஹி கல்வெட்டும் அவர் காலத்தை முதல் நூற்றாண்டில் உறுதிப்படுத்தியது. தோமா வந்தார் என்பதற்கு அது சான்றாகாது; நூலை எழுதியவருக்கு இந்தியாவைப் பற்றி ஏதோ உண்மையான செய்தி எட்டியிருந்தது என்பதற்கு மட்டும் சான்று.

நம் ஊர் மரபு தனி வழியில் வந்தது. கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி, 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு மாண்டார் என்பது மரபு. மலைமேல் 1547-ல் கண்டெடுத்த சிலுவைக் கல்லைச் சுற்றியிருக்கும் எழுத்து பாரசீகப் பாஹ்லவி. அது தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இங்கே கடல்வழியாக வந்துபோன பாரசீகக் கிறிஸ்தவர்களைப் பற்றிய சான்று அது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியதோ முற்றிலும் வேறு: காட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த தோமாமீது, மயிலுக்குக் குறிவைத்த ஒருவன் எய்த அம்பு தவறிப் பாய்ந்தது என்கிறார். சாவு ஒன்று, கதை மூன்று. மூன்றையும் கலந்து ஒரே கதையாகச் சொல்லாமல், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வளர்ந்தபிறகு ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

ஏன் சபை இதை ஏற்கவில்லை? முதல் காரணம், இல்லற வாழ்க்கையையே பாவமாகப் பார்க்கிறது. முதல் காட்சியிலேயே மணமகனும் மணமகளும் முதலிரவில் உறவைத் துறக்கிறார்கள். பின்னால் அரச குடும்பத்துப் பெண்கள் கணவரை விலக்கிவைப்பதே தோமாவின் சாவுக்குக் காரணமாகிறது. "விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாய்" இருக்க வேண்டும் என்ற எபிரெயர் 13:4-க்கு இது நேர் எதிர். பேசும் கழுதை, பேசும் பாம்பு எல்லாம் அடுத்த பிரச்சினை. ஆனால் நடுவே வரும் 'முத்தின் பாடல்' சிரியாக் இலக்கியத்தின் மிக அழகான கவிதைகளில் ஒன்று. அதற்காகவே வாசிக்கலாம்.

கேள்வி: தோமாவின் சுவிசேஷம் ஐந்தாவது சுவிசேஷம் என்று கல்லூரி நண்பன் சொல்கிறான். "மரத்தைப் பிளந்து பார், அங்கே நான் இருக்கிறேன்" என்று இயேசு சொன்னதாக அதில் உண்டாம். உண்மையா? (மாணவர், தாம்பரம்)

அந்த வாக்கு இருக்கிறது, தம்பி, 77-ஆவது. மொத்தம் 114 வாக்குகள். நடபடிகளும் இதுவும் வேறு வேறு நூல்கள். 1945-ல் எகிப்தின் நாக் அம்மாதி அருகே ஒரு மண் ஜாடிக்குள் கிடைத்த 13 தோல் அட்டைச் சுவடிகளில் இது எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் முழுதாக இருந்தது. அதற்கு முன்பே கிரேக்கத் துண்டுகள் எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்திருந்தன.

பாதிக்குப் பாதி உனக்குத் தெரிந்தவையாகவே இருக்கும்: விதைப்பவன் 9-ல், கடுகுவிதை 20-ல். மீதி வேறு காற்றில் வீசும். சிலுவைச் சாவின் கதை இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை, ஒரு நோயாளி சுகமானதாகக்கூட இல்லை. வாக்குகளின் பொருளைக் கண்டுபிடித்தவன் சாவைச் சுவைக்கமாட்டான் என்று முதல் வாக்கே தொடங்குகிறது. இரட்சிப்பு இங்கே ரகசிய அறிவு. 'தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு 77 உடனே பிடித்துவிடும். ஆனால் அந்த ஒன்றை மட்டும் பகிர்பவர்கள் 114-ஐப் பகிர்வதில்லை. பெண்கள் ஜீவனுக்குத் தகுதியில்லாதவர்கள், மரியாள் போகட்டும் என்று பேதுரு சொல்ல, "அவளை ஆணாக்குவேன்" என்று இயேசு பதில் சொல்வதாக அது முடிகிறது. கல்லறையருகே மகதலேனா மரியாளைப் பெயர் சொல்லி அழைத்த யோவான் 20-ஐ அதற்குப் பக்கத்தில் வை. நண்பனோடு பேசுவதற்கு முன் 114-ஐயும் ஒரே மூச்சில் வாசித்துவிடு. ஒரு மணி நேரம் போதும்.

கேள்வி: குழந்தை இயேசு களிமண்ணில் குருவி செய்து பறக்கவிட்ட கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லலாமா? பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். (ஞாயிறு பள்ளி ஆசிரியை, கொளத்தூர்)

வேண்டாம். 'தோமாவின் குழந்தைப்பருவச் சுவிசேஷம்' என்ற நூலில் ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் 12 குருவிகள் செய்கிறார். ஆனால் அதே நூலில், ஓடும்போது தோளில் இடித்த ஒரு சிறுவனைச் சபித்துச் சாகடிக்கவும் செய்கிறார். குருவியைச் சொன்னால் பிள்ளைகள் வீட்டில் தேடுவார்கள், அடுத்த கதை கண்ணில் படும். கானாவூர் கலியாணத்தில் நடந்ததே 'முதலாம் அற்புதம்' என்று யோவான் 2:11 தெளிவாகச் சொல்கிறது. சிறுவயது இயேசு வேண்டுமென்றால் லூக்கா 2:41-52 இருக்கிறது.

கேள்வி: செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் கொண்டாடுகிறோம். சுவக்கின், அன்னம்மாள் என்ற பெற்றோர் பெயர் நற்செய்திகளில் எங்கே இருக்கிறது? (வாசகி, பெசன்ட் நகர்)

நான்கு நற்செய்திகளிலும் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்ற நூலில்தான் அந்தப் பெயர்கள் முதலில் வருகின்றன. மூன்று வயதில் மரியாவை ஆலயத்தில் ஒப்படைத்ததும் அதிலேதான். நவம்பர் 21 விழாவின் வேர் அது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த நூலைத் திருமுறையில் சேர்க்கவில்லை. ஆனால் அதில் பதிவான பக்தி மரபு வழிபாட்டில் இடம்பெற்றது. உங்கள் ஊர் வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேற்றம் தொடங்கி விழா முடியும் நாட்களில் ஒருநாள் இதை இளையோருக்கு விளக்கலாம். 'இதெல்லாம் பைபிளில் இல்லை' என்று வெளியார் சொல்லிக் கேட்பதைவிட, நம் வீட்டில் முதலில் கேட்பது நல்லது.

கேள்வி: பர்னபாவின் சுவிசேஷம் என்று ஒரு நூலை நண்பர் கொடுத்தார். அது பழையதா? (வாசகர், திருவல்லிக்கேணி)

இல்லை. முதல் நூற்றாண்டு நூல் அல்ல. இடைக்காலத்தின் கடைசிப் பகுதியிலோ அதற்குப் பின்போ ஐரோப்பாவில் எழுதப்பட்டது. நமக்குக் கிடைத்திருப்பவை ஓர் இத்தாலியப் பிரதியும் ஒரு ஸ்பானியப் பிரதியும் மட்டுமே. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 20-ஆம் அதிகாரத்தில் இயேசு கலிலேயாக் கடலில் கப்பலேறி நாசரேத்துக்குப் போகிறார். நாசரேத்து கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே, மேட்டில் இருக்கிறது. யூபிலி ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. மோசேயின் சட்டத்தில் அது 50. நூறாண்டு யூபிலி 1300-ல் போப் எட்டாம் போனிஃபாசு அறிவித்தபின் வந்த பேச்சு. நண்பரிடம் பகையில்லாமல், இந்த இரண்டு இடங்களையும் விரல் வைத்துக் காட்டுங்கள். 'பர்னபாவின் நிருபம்' என்று வேறொன்று உண்டு. அது உண்மையிலேயே பழையது, இதோடு சம்பந்தமில்லாதது.

கேள்வி: யோசுவா 10:13-ல் சொல்லும் யாசேரின் புத்தகம் இப்போது விற்கிறார்களே? (வாசகர், ஆவடி)

அந்தப் பழைய நூல் தொலைந்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் ஒன்று 1625-ல் வெனிசில் அச்சான எபிரேயக் கதைத்தொகுப்பு. இன்னொன்று 1751-ல் லண்டனில் வந்த மோசடி. காசைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வேதபாடக் குழுவில் பத்துப் பேர். இந்த நூல்களை முறையாக வாசிக்க விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்? (வாசகி, அம்பத்தூர்)

ஆறு வாரம் ஒதுக்குங்கள், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் 1 மக்கபேயர் 1 முதல் 4 வரை. உடன் யோவான் 10. இரண்டாம் வாரம் 2 மக்கபேயர் 6, 7. உடன் எபிரெயர் 11. மூன்றாம் வாரம் சாலமோனின் ஞானம் 13-ஐ ரோமர் 1:18-32-க்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். படைப்பைப் பார்த்தும் படைத்தவரை அறியாத மனிதர்மேல் இருவரும் ஒரே குற்றச்சாட்டை வைப்பதைப் பார்ப்பீர்கள். நான்காவது, தோபித்து 14 அதிகாரமும். கதை என்பதால் வேகமாக ஓடும். ஐந்தாவது, அப்போஸ்தலரின் போதனை. ஆறாவது, ஏனோக்கு 1 முதல் 36. தோமாவின் சுவிசேஷம் போன்றவற்றை இந்தச் சுற்றில் எடுக்காதீர்கள். நான்கு சுவிசேஷங்களையும் முழுதாக வாசிக்காதவர் குழுவில் ஒருவர் இருந்தாலும் குழப்பம் வரும்.

முதல் நான்கு வாரத்துக்கும் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்றே போதும். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கப் புத்தகக் கடைகளில் கேளுங்கள். ஏனோக்குக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆர்.எச். சார்லஸ் என்பவரின் ஆங்கிலம். நூறாண்டுக்கு மேல் பழையது, ஆனால் அதிகார, வசன எண்கள் ஒழுங்காக இருக்கும். தமிழ் பி.டி.எஃப். என்றால் மூன்று சோதனை: மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா, எந்த மொழியிலிருந்து என்று சொல்லியிருக்கிறதா, வசன எண் இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூல வாசகம் எங்கே முடிந்தது, அனுப்பியவரின் விளக்கம் எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது. கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற இறையியல் கல்லூரி நூலகங்களில் நல்ல பதிப்புகள் இருக்கும். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி நடுவில் வையுங்கள். யார் பெயரில் எழுதப்பட்டது, உண்மையில் எப்போது? எந்தச் சபை அதை வாசித்தது, இன்றும் வாசிக்கிறதா? வேதாகமத்தில் எந்த இடத்துக்கு இது வெளிச்சம் தருகிறது, எந்த இடத்தோடு மோதுகிறது? வீடியோ விளக்கத்தை முதலில் பார்த்துவிட்டு வருவதை அனுமதிக்காதீர்கள்; பிறகு நூலில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கேட்டதே தெரியும். குழுவில் யாராவது மனச்சோர்வோடு இருந்தால், பிசாசு பயத்தில் தூக்கமில்லாமல் இருந்தால், ஆறாவது வாரத்தைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 71. கண் மங்குகிறது. இவற்றில் ஒன்றே ஒன்றுதான் வாசிக்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்? (வாசகர், புரசைவாக்கம்)

ஐயா, அப்போஸ்தலரின் போதனை. கிரேக்கத்தில் 'திதகே' என்பார்கள். 16 சிறிய அதிகாரங்கள். பேரப்பிள்ளை வாசித்துக் காட்டினால் அரை மணி நேரம். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாவதின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. பல நூற்றாண்டு காணாமல் போயிருந்த இதன் பிரதியை 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரியேனியோஸ் என்ற ஆர்த்தடாக்ஸ் ஆயர் கண்டெடுத்து, 1883-ல் அச்சிட்டார்.

ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று நம் ஊரில் சபைகள் பிரிகின்றன அல்லவா? 7-ஆம் அதிகாரத்தைக் கேளுங்கள்: ஓடும் நீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு நீரில், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில், இரண்டும் போதாவிட்டால் தலைமேல் மூன்று முறை ஊற்று. 8-ஆம் அதிகாரம் புதனும் வெள்ளியும் உபவாசம், நாளைக்கு மூன்று முறை கர்த்தருடைய ஜெபம் என்கிறது. 11-ஆம் அதிகாரம் ஊர் ஊராக வரும் ஊழியர்களைப் பற்றியது: கர்த்தரை வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும், ஒருநாள், தேவையானால் இரண்டுநாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் வாங்கலாம், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. 13-ஆம் அதிகாரத்தையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஊரிலேயே தங்கி உண்மையாய் உழைக்கும் ஊழியருக்கு விளைச்சலில் முதல் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது.